தெற்கு நோக்கி ஒரு விளக்கு

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட நாளை நம்மில் பலர் நகைக்கடை விளம்பரங்களின் வழியாகத்தான் அறிந்திருக்கிறோம். தன்தேரஸ் என்றும் தன திரயோதசி என்றும் அதற்குப் பெயர். காசி முதல் குஜராத் வரை, வடக்கிலும் மேற்கிலும் தீபாவளி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, தேய்பிறைத் திரயோதசியில் அது வருகிறது. வடக்கே அந்த மாதத்தைக் கார்த்திகை என்பார்கள். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் ஆசுவினம் என்பார்கள். மாதம் பௌர்ணமியில் முடிகிறதா, அமாவாசையில் முடிகிறதா என்ற கணக்கு வேறுபாடுதான் காரணம். அன்று வைத்தியர்கள் மருத்துவத்தின் தெய்வமான தன்வந்திரியைப் பூசிக்கிறார்கள். இல்லறத்தார் பாத்திரமோ வெள்ளியோ தங்கமோ வாங்குகிறார்கள். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வெளியே, தெற்கு நோக்கி, யமனுக்கு ஒரு விளக்கு வைக்கிறார்கள். மருந்தும் பொருளும் மரணமும் ஒரே நாளில் வந்து கூடியது எப்படி? தற்செயல் என்று சொல்லிவிடுவது எளிது. இம்மூன்றும் ஒரே சிந்தனையின் மூன்று உறுப்புகள் என்றும், அந்தச் சிந்தனையே இத்திருநாளின் ஆன்மிகப் பொருள் என்றும் நிறுவ முயல்கிறேன்.

முதலில் பெயர். தனம் என்றால் செல்வம், தேரஸ் என்றால் பதின்மூன்றாம் திதி. ஆகவே இது செல்வத்தின் நாள் என்பார் ஒரு சாரார். இது தன்வந்திரி திரயோதசியின் சுருக்கம், ஒலி ஒற்றுமையால் பின்னர்தான் செல்வம் உள்ளே நுழைந்தது என்பார் மற்றொரு சாரார். தன்வந்திரி என்ற பெயருக்குத் தனத்தோடு தொடர்பே இல்லை என்பது உண்மைதான். சுசுருத சம்ஹிதைக்கு உரை எழுதிய டல்ஹணர், ‘தனு’ என்பதற்கு அறுவை மருத்துவ நூல் என்று பொருள்கொண்டு, அதன் கரையைக் கண்டவன் தன்வந்திரி என்று விளக்குகிறார். அப்படியானால் செல்வம் இங்கே இடைச்செருகலா? சொல்லாராய்ச்சியோடு நின்றால் அப்படித்தான் தோன்றும். கதையைப் படித்தால் தோன்றாது.

பாற்கடல் கடைந்த கதை ஏன் தொடங்குகிறது என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். மலை மத்தானது, பாம்பு கயிறானது, நஞ்சு எழுந்தது, அமுதம் வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். விஷ்ணு புராணத்தின் முதல் அம்சம், ஒன்பதாம் அத்தியாயம் கதையை வேறோரிடத்தில் தொடங்குகிறது. துருவாசர் தந்த மாலையை இந்திரன் மதிக்காமல் யானையின் தலையில் வைக்கிறான். யானை அதைத் தரையில் எறிகிறது. முனிவரின் சாபத்தால் மூவுலகும் திருவை இழக்கின்றன. அந்த இழப்பு எப்படி வெளிப்பட்டது என்பதுதான் இங்கே முக்கியம். கருவூலம் காலியானதாகப் புராணம் பேசவில்லை. செடிகளும் மூலிகைகளும் வாடி அழிந்தன, வேள்விகள் நின்றன, மனிதர்களின் மனவலிமை குன்றியது என்கிறது. திரு என்பது பச்சையின் உயிர்ப்பாக, உடலின் வலுவாக, மனத்தின் தெளிவாகப் பேசப்படுகிறது. பரிகாரமும் அதற்கேற்பவே அமைகிறது. எல்லா மூலிகைகளையும் கொண்டுவந்து பாற்கடலில் இடுங்கள், பிறகு கடையுங்கள் என்பது திருமாலின் கட்டளை. அமுதம் மூலிகைச் சாறு என்பதைப் புராணமே இப்படிச் சொல்லிவிடுகிறது. கடையக் கடைய, வெண்ணிற ஆடை உடுத்த தன்வந்திரி அமுதக் கமண்டலத்தோடு எழுகிறார். அவருக்குப் பிறகே தாமரையில் அமர்ந்து திருமகள் எழுகிறாள். மூலிகை வாடியபோது போன திரு, மூலிகையிலிருந்து மருந்து பிறந்தபின் திரும்புகிறது. திரயோதசியில் தன்வந்திரி, இரண்டு நாள் கழித்து அமாவாசையில் லட்சுமி பூசை என்ற வரிசை இந்த அத்தியாயத்தின் வரிசையோடு அப்படியே பொருந்துகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில் வரிசை தலைகீழ். அங்கே திருமகள் முந்துகிறாள், தன்வந்திரி கடைசியில் வருகிறார். ஆகவே வரிசையை வைத்து ஒரு தத்துவத்தைக் கட்டுவது மணலில் வீடு கட்டுவது அல்லவா? பாகவதத்தை இன்னும் சற்றுக் கூர்ந்து படிக்கலாம். திருமகள் தோன்றித் திருமாலை வரித்துக்கொண்ட பின்பும், அவளுடைய பார்வை தேவர்கள்மேல் பட்டு அவர்கள் நற்குணங்கள் பெற்ற பின்பும், கடைவது நிற்கவில்லை. செல்வத்தின் தெய்வமே வந்து நின்றாள், வேலையோ முடியவில்லை. தன்வந்திரி கலசத்தோடு வந்த பிறகுதான் மத்து ஓய்கிறது. முந்தைய புராணத்தில் ஆரோக்கியம் செல்வத்துக்கு முன்னுரை. இங்கே ஆரோக்கியம் இல்லாத செல்வம் முடிவுபெறாத கடைதல். இரண்டும் ஒன்றையே இரு முனைகளிலிருந்து காட்டுகின்றன.

வழக்கங்களுக்கு வருவோம். தங்கம் இன்று முன்னால் நிற்கிறது. ஆனால் இந்த நாளுக்கு மிகப் பொருத்தமான பொருள் பாத்திரம்தான். தன்வந்திரியின் கையில் இருந்தது கலசம். காசியின் டடேரி பஜாரில் பித்தளைப் பாத்திரக் கடைகளுக்கு இது ஆண்டின் பெருநாள். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாக வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று பல வீடுகளில் விதி இருக்கிறது. தானியமோ இனிப்போ தண்ணீரோ இட்டுத்தான் வாசற்படி கடப்பார்கள். பொருள் என்பது எதையேனும் தாங்குவதற்காக இருக்கிறது என்ற எண்ணத்தை இதைவிட எளிதாக எந்த நூலும் சொல்லிவிடாது. பாத்திரம்கூட வாங்க இயலாதவர்கள் துடைப்பம் வாங்குகிறார்கள், அதையும் லட்சுமியாகவே கொண்டு. மகாராஷ்டிரத்தில் அன்றைய நைவேத்தியம் தனியாவை இடித்து வெல்லம் சேர்த்தது. மராத்தியில் தனியாவுக்கு ‘தணே’ என்று பெயர்; செல்வத்தின் சொல்லும் மல்லி விதையின் சொல்லும் அங்கே வாயில் நெருங்கி ஒலிக்கின்றன. அதே மகாராஷ்டிரத்தில் வைத்தியர்கள் தன்வந்திரிக்கு வேப்பிலையும் சர்க்கரையும் படைத்துப் பிரசாதமாகத் தருகிறார்கள். செல்வத்தின் நாளில் நாக்கில் முதலில் படுவது கசப்பு.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். மழை ஓய்ந்து, விளைச்சல் வீடு வந்து சேரும் காலம் இது. கையில் காசு புரளும் காலம். ஆனால் ஆயுர்வேதக் கணக்கில் சரத் பருவம் பித்தம் பொங்கும் காலம். சரத் ருதுவே வைத்தியர்களுக்குத் தாய் என்று வடமொழியில் ஒரு முதுமொழி உண்டு, அத்தனை நோயாளிகளை அது அனுப்புகிறது. கார்த்திகையின் கடைசி எட்டு நாட்களையும் மார்க்கசீர்ஷத்தின் முதல் எட்டு நாட்களையும் யமனின் கோரைப்பற்கள் என்றே சார்ங்கதர சம்ஹிதை அழைக்கிறது. அந்நாட்களில் குறைவாக உண்பவனே பிழைப்பான் என்கிறது. களஞ்சியம் நிறையும் நேரமும் காலன் பல்லைக் காட்டும் நேரமும் ஒன்றாக வரும் நிலத்தில் பிறந்த திருநாள் இது. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சடங்குகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் அறிவியலைத் தேடுவது இப்போது பரவலாகிவிட்டது. தனியா பித்தம் தணிக்கும், துடைப்பம் கிருமி போக்கும் என்று சொல்லிவிட்டால் சடங்கை மீட்டுவிட்டதாக எண்ணுகிறோம். அது மீட்பு ஆகாது. பயன் மட்டுமே பொருள் என்றால், அந்தப் பயனை மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டு சடங்கை விட்டுவிடலாம். பருவத்தை நான் சொல்வது, இந்நாளைக் கொண்டாடியவர்கள் எந்த அச்சத்தின் நடுவே நின்று கொண்டாடினார்கள் என்பதைக் காட்டவே.

அந்த அச்சத்தை நேரடியாகச் சொல்லும் கதை ஒன்று வட இந்திய வீடுகளில் வழங்குகிறது. ஹிம மன்னனின் மகனுக்குத் திருமணமான நான்காம் நாள் பாம்பு கடித்து இறப்பு என்று சாதகம். அன்றிரவு அவனுடைய இளம் மனைவி அவனைத் தூங்கவிடவில்லை. தன் பொன் நகைகளையும் வெள்ளிக் காசுகளையும் அறை வாசலில் குவித்து, சுற்றிலும் விளக்கேற்றி, விடியும்வரை கதை சொல்லியும் பாடியும் இருந்தாள். பாம்பு உருவில் வந்த யமனின் கண் அந்த ஒளியில் கூசியது. உள்ளே நுழைய முடியாமல், விடிந்ததும் திரும்பிப் போனான். தன்தேரஸில் பொன் வாங்குவதற்குக் காரணமாக இந்தக் கதையைச் சொல்கிறார்கள். ஆனால் கதை சொல்வது எதிர்த்திசையில் அல்லவா போகிறது? அவள் பொன்னைப் பெட்டியில் வைக்கவில்லை, கழுத்திலும் அணியவில்லை. எல்லாவற்றையும் கழற்றி வாசலுக்கு வெளியே, மரணம் வரும் வழியில் கொட்டினாள். ஓர் உயிருக்கும் அதன் அகால முடிவுக்கும் இடையே செல்வம் காவலாக நின்ற இரவு அது. தன்தேரஸின் தங்கத்துக்கு ஏதேனும் புனிதம் உண்டென்றால், அது அந்த இடத்தில் நிற்பதால்தான் உண்டு.

யம தீபத்தின் நோக்கமும் இதையே உறுதிசெய்கிறது. அதை வைப்பதன் பயனாகச் சொல்லப்படுவது அபமிருத்யு நீங்குதல். மிருத்யு நீங்குதல் அன்று, அபமிருத்யு நீங்குதல். வயதும் வாழ்வும் முதிர்ந்து வரும் சாவை யாரும் தடுக்கக் கேட்கவில்லை. பிஞ்சில் பறிக்கும் சாவு வேண்டாம் என்றே கேட்கிறார்கள். யமனை விரட்டவுமில்லை, அவனுக்குரிய திசையில் அவனுக்கும் ஒரு விளக்கு. இந்த அளவறிந்த வேண்டுதலில்தான், இத்திருநாள் மேல் வரக்கூடிய மிகக் கடுமையான மறுப்புக்கு விடை இருக்கிறது.

அந்த மறுப்பு உபநிடதத்திலிருந்து வருகிறது. பிருகதாரணியகத்தில் மைத்ரேயி தன் கணவர் யாக்ஞவல்கியரிடம் கேட்கிறாள்: செல்வம் நிறைந்த இந்தப் பூமி முழுவதும் எனக்குக் கிடைத்தால் நான் அமரத்துவம் அடைவேனா? இல்லை, வசதி உள்ளவர்களின் வாழ்வுபோல உன் வாழ்வு அமையும், அவ்வளவே. செல்வத்தால் அமரத்துவம் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கே இடமில்லை என்கிறார் யாக்ஞவல்கியர். அதே உபநிடதம் மூன்று ஏடணைகளைப் பேசுகிறது. மக்கள்மேல், பொருள்மேல், உலகங்கள்மேல் உள்ள மூன்று வேட்கைகள். இவற்றிலிருந்து எழுந்து விடுபட்டவர்களே ஆன்மாவை அறிந்தவர்கள். அப்படியிருக்க, உடம்பையும் பொருளையும் வேண்டும் ஒரு நாளை ஆன்மிகம் என்ற சொல்லுக்குள் கொண்டுவருவது எப்படித் தகும்? சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானம் பதினொன்றாம் அத்தியாயம் இதே சொல்லை எடுத்துக்கொண்டு துணிவான ஒரு காரியம் செய்கிறது. அறிவும் முயற்சியும் கெடாத மனிதன் நாட வேண்டிய ஏடணைகள் மூன்று என்கிறார் சரகர்: உயிர், பொருள், மறுமை. விட வேண்டிய மூன்றுக்கு எதிரே நாட வேண்டிய மூன்று! உயிரை முதலில் வைத்ததற்கு அவர் சொல்லும் காரணம், உயிர் போனால் எல்லாம் போகும் என்பது. பொருளை இரண்டாவதாக வைத்ததற்கு அவர் சொல்லும் காரணம் நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்வது: வாழ்வதற்கு வழியில்லாமல் நெடுநாள் வாழ்வதைவிடப் பெரிய பாவம் வேறில்லை. உழவு, ஆநிரை காத்தல், வாணிகம், அரசுப்பணி, இன்னும் சான்றோர் பழிக்காத எந்தத் தொழிலும் அந்தப் பொருளுக்கு வழி என்கிறார். மூன்றாவதான மறுமையில்தான் ஐயம் எழுகிறது என்று ஒப்புக்கொண்டு, காட்சி, அனுமானம், ஆன்றோர் உரை, யுக்தி என்னும் அளவைகளால் நெடிய விவாதம் நடத்துகிறார். உயிரிலும் பொருளிலும் அவருக்கு ஐயமே இல்லை.

சரகரும் யாக்ஞவல்கியரும் முரண்படுகிறார்களா? நான் அப்படி நினைக்கவில்லை. யாக்ஞவல்கியர் இல்லறத்தை விட்டு நீங்கும் வேளையில் அமரத்துவத்தைப் பற்றிப் பேசுகிறார். சரகர் இங்கே இருந்து வாழ வேண்டியவர்களைப் பற்றிப் பேசுகிறார். பொருள் அமரத்துவம் தராது என்பதை யம தீபம் வைப்பவர் மறுக்கவில்லை. அமரத்துவத்தை அவர் கேட்கவேயில்லை. பொருளால் ஆகாததைப் பொருளிடம் கேட்காமல், ஆவதைக் கேட்பது ஒரு பெரிய ஆன்மிகத் தெளிவு. நோயின்மையே செல்வம் என்று நம் பழமொழி சொல்கிறது. அதில் ஓர் ஆறுதல் இருக்கிறது, ஓர் ஆபத்தும் இருக்கிறது. உடல்நலம் இருந்தால் போதும், காசு எதற்கு என்று ஏழையிடம் சொல்ல அது எளிதில் பயன்பட்டுவிடும். சரகரின் வரிசை அதற்கு இடம் தருவதில்லை. உயிர் முதலில், ஆனால் பொருளும் உண்மையான தேவை.

அமுதத்தைப் பற்றிய மறுப்பு இன்னொன்று. கடைந்தவர்கள் இரு தரப்பினர், குடித்தவர்கள் ஒரு தரப்பினர். பாதி உழைப்பைக் கொடுத்த அசுரர்களை ஏமாற்றிய கதையை ஆரோக்கியத் திருநாளின் அடிப்படையாக எப்படிக் கொள்வது? இதைச் சமாதானம் சொல்லி மழுப்ப நான் விரும்பவில்லை. உறுத்த வேண்டிய இடம்தான் அது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தன்வந்திரியின் கையிலிருந்து கலசம் பறிக்கப்படுகிறது. அதன்பின் நடந்த பங்கீட்டில் மருத்துவருக்கு இடமே இல்லை. மனிதர்களுக்கு வந்து சேர்ந்தது அந்தக் கலசமும் அன்று. புராணங்களின்படி அவர் காசி அரச மரபில் மறுபடி பிறந்து ஆயுர்வேதத்தை எட்டு உறுப்புகளாகப் பகுத்தார். சுசுருத சம்ஹிதையின் தொடக்கத்தில் காசியரசன் திவோதாச தன்வந்திரி ஆசிரமத்தில் அமர்ந்திருக்க, சுசுருதனும் தோழர்களும் வந்து கற்பிக்க வேண்டுகிறார்கள். ஏன் வந்தார்கள்? ஆதரவு உள்ளவர்களும் ஆதரவற்றவர்கள்போல நோயில் புலம்புவதைப் பார்த்து மனம் நொந்து வந்ததாகச் சொல்கிறார்கள். பறித்துக் குடித்த அமுதத்துக்கும், அடுத்தவர் வலியைக் கண்டு கேட்டுப் பெற்ற இந்த வித்தைக்கும் இடையே உள்ள தூரம்தான் புராணத்துக்கும் மருத்துவ நூலுக்கும் இடையே உள்ள தூரம். அதே காசியில், தன்தேரஸ் அன்றுதான் அன்னபூரணியின் பொன் திருமேனி தரிசனத்துக்குத் திறக்கிறது. தீபாவளிக்கு மறுநாளான அன்னக்கூடம் வரை சில நாட்கள் மட்டும். வருபவர்களுக்குப் பிரசாதமாக நாணயமும் நெற்பொரியும் தருகிறார்கள். பொன்னாலான தெய்வம் கையில் வைத்திருப்பது அகப்பை.

இவ்வளவு சொன்னபிறகும் ஒருவர் கேட்கலாம்: வாசலில் பொன் குவித்தவள் தன் கணவனுக்காகக் குவித்தாள், விளக்கு வைப்பவர் தம் வீட்டார்க்காக வைக்கிறார், இதில் அறம் எங்கே? இதற்கு விடை கதைக்குள் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. தன்தேரஸ் நமக்குப் பழைய வழக்கம் இல்லை. அதற்கு மறுநாள் நாம் உண்ணும் தீபாவளி லேகியமே நம் உறவு. ஆனால் தன்வந்திரி நமக்கு அயலார் அல்லர். திருவரங்கம் கோயிலில் அவருக்குச் சன்னிதி உண்டு. அங்குள்ள 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஒய்சளர் காலத்தில் எழுந்து பின்னர் அழிந்த ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்ததையும், அதில் தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததையும் பதிவு செய்கிறது. வரிசையைப் பாருங்கள்: மருத்துவமனை முதலில், தெய்வம் அதற்குள். அதற்கும் நான்கு நூற்றாண்டு முன்பே, வீரராசேந்திர சோழன் காலத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் ‘வீரசோழன்’ என்ற ஆதுலர் சாலை 15 நோயாளிகளுக்கு இடம் வைத்து நடந்தது. மருத்துவருக்கு, அறுவை செய்பவருக்கு, மூலிகை கொணர்பவர்களுக்கு, நோயாளிகளைப் பேணும் பெண்களுக்கு என்று நெல்லும் காசும் கல்லில் எழுதி வைக்கப்பட்டன. இருப்பில் வைத்த மருந்துகளின் பெயர்கள்கூட இருக்கின்றன. அந்த நெல் யாரோ ஒரு குடும்பத்தின் வாசலில் குவிந்த பொன் அன்று. பெயர் தெரியாத பதினைந்து பேரின் தலைமாட்டில் குவிந்த பொன். வள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தைப் பொருட்பாலில், 95-ஆவதாக வைத்ததையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. அறத்துப்பாலின் துறவில் அதை அவர் வைக்கவில்லை. நாடும் குடியும் பேசப்படும் பாலில் நோயும் பேசப்படுகிறது.

இன்றைய நிலை என்ன? 2016 முதல் இந்திய அரசு தன்தேரஸ் நாளையே தேசிய ஆயுர்வேத நாளாகக் கொண்டாடி வந்தது. 2025-இல் அதை செப்டம்பர் 23-ஆம் நாளுக்கு மாற்றிவிட்டார்கள். திதி ஆண்டுக்காண்டு நகர்கிறது, நிலையான நாள் வேண்டும் என்பது காரணம். நிர்வாகத்துக்கு அது வசதிதான், குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் மருத்துவம் ஒரு நாளுக்கும் தங்கம் ஒரு நாளுக்கும் பிரிந்து போனால், தன்தேரஸில் எஞ்சி நிற்பது கடை மட்டுமாக இருந்துவிடக் கூடாது என்ற கவலை எனக்கு இருக்கிறது. நகை வாங்குவதைப் பாவம் என்று நான் சொல்லவில்லை. அன்று வாங்கும் பொன்னில் ஒரு பகுதி, மருந்துக்கு வழியில்லாத ஒருவருக்கு, ஓர் அரசு மருத்துவமனை வார்டில் துணைக்கு ஆளில்லாமல் கிடக்கும் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தால், அதைத் தன்தேரஸின் புதிய விளக்கம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கதை தொடங்கிய இடத்துக்கே அது திரும்புகிறது.

வட நாட்டுச் சில வீடுகளில் யம தீபத்தைப் புது அகலில் ஏற்றுவதில்லை. பழைய அகல் ஒன்றில் கடுகெண்ணெய் ஊற்றி, நாலு முகமாகத் திரியிட்டு, எண்ணெய்க்குள் ஒரு காசைப் போடுகிறார்கள். வீட்டில் மூத்தவர் அதை எடுத்துக்கொண்டு எல்லா அறைகளையும் சுற்றிவந்து, வெளியே தெற்குப் பக்கம் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போகிறார். காசு எண்ணெய்க்குள் கிடக்கிறது. விளக்கு எரிகிறது.